ஆறாம் கோயிலுக்கு ஐந்து மூச்சு

கோவளத்து உப்புக் கொட்டகையில் நான் நாற்பத்தொரு முறை செத்திருக்கிறேன். அந்தக் கரையில் என்னளவு செத்தவர் யாருமில்லை. சரி, நாற்பத்தொன்று என்பது பத்திரிகைக்காகக் கொஞ்சம் ஊதிய எண். ஊதாமல் சொன்னாலும் பேரன் பேத்தி எடுத்தவளுக்கு அது அதிகம்தான். ஒவ்வொரு முறையும் இருசப்பன் தலையைத் தூக்காமல், எதிரே விரித்த துணியைப் பார்த்தபடி, அதே இரண்டு வார்த்தைகளைத்தான் சொன்னார்.

"பூட்ட. எந்திரி."

செத்துப்போனாய், இடத்தைக் காலிசெய் என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பிரம்போடு நின்ற என்னை அவர் தெருவில் பார்த்தால் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு "இன்னா டீச்சரம்மா, சௌக்கியமா?" என்று கேட்பார். கொட்டகைக்குள் அந்த மரியாதை கிடையாது. கடலுக்கு அடியில் போனபிறகு டீச்சராவது, தாசில்தாராவது என்பது அவர் கட்சி.

இருசப்பனுக்கு ஐம்பத்திரண்டு வயது. உப்பளத்தில் எடை போடுகிறவர். தையிலிருந்து புரட்டாசிவரை பாத்தியிலிருந்து வாரிக் குவித்த உப்பு மூட்டையாகி அவர் தராசில் ஏறித்தான் கால்வாய்ப் படகுக்குப் போகும். காது மடலில் எப்போதும் ஒரு சாக்பீஸ். எடை பார்த்த மூட்டையில் ஒரு கோடு இழுக்க. வாயில் எப்போதும் ஒரு கல் உப்பு. அதைக் கடிக்கமாட்டார், கரையவிடுவார். பாதங்கள் உப்பில் வெடித்து, வறண்ட ஏரிபோலக் கிடக்கும். டீக்கடையில் கிளாஸை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். குறைந்திருந்தால் நீட்டுவார், ஊற்றவேண்டும். கூடியிருந்தால் அந்த ஒரு வாய் டீயைத் திரும்பவும் பாத்திரத்தில் கொட்டிவிடுவார். "என்துது இவ்ளோதான்" என்பார். டீக்கடைக்காரருக்கு இரண்டும் ஒரே அளவு எரிச்சல்.

ஐப்பசியில் மழை இறங்கினால் அளத்தில் வேலை இல்லை. பாத்தியெல்லாம் குளம். கொட்டகை காலி. அப்போதுதான் கடல்கோட்டை ஆட்டம் விரியும்.

அது ஒரு பழைய பாய்த்துணி. ஏதோ படகில் கிழிந்து கரைக்கு வந்தது. அறுபத்தொன்பதாம் வருஷம் ஒன்பது நாள் விடாமல் மழை பெய்தபோது, கொட்டகையில் அடைந்துகிடந்த ஆண்கள் சீட்டு விளையாடிச் சட்டையைக் கிழித்துக்கொண்டார்களாம். இருசப்பன் அலுத்துப்போய்த் தார்ச்சட்டியையும் ஈர்க்குமாற்றுக் குச்சியையும் எடுத்து அந்தத் துணியில் வரையத் தொடங்கினார். மாபலிபுரத்துக்காரர்கள் கடலுக்குள் கோயில்கள் முழுகிக்கிடப்பதாகச் சொல்வார்கள் இல்லையா, அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக ஆறாக அடுக்கினார். ஆறாவது கோயிலின் மேல் ஒரு சாக்குத் துண்டு தைத்து மூடியிருக்கும். அதைத் தூக்கிப் பார்க்கும் உரிமை அங்கே போய்ச் சேர்ந்தவருக்கு மட்டும். எழுபத்தேழு வரை ஒருவரும் போகவில்லை.

ஆட்டம் பார்ப்பதற்கு எளிது. உட்காருகிறவருக்கு இருசப்பனின் பையிலிருந்து பன்னிரண்டு புளியங்கொட்டை. ஒவ்வொரு கொட்டையும் ஒரு மூச்சு. படி இறங்க ஒரு மூச்சு, கதவைத் தள்ள ஒரு மூச்சு. ஆறாம் கோயிலில் விளக்கேற்றிவிட்டு உயிரோடு மேலே வரவேண்டும். முதலில் ஒரு வேஷம் எடுக்கவேண்டும்: ராஜா மகன், திருடன், பூசாரி, ஊமைப்பெண். இருசப்பன் எதிரே என்ன இருக்கிறது என்று சொல்வார். நாம் என்ன செய்கிறோம் என்று சொல்லவேண்டும். அதற்கு என்ன ஆகும் என்று அவர் சொல்வார். பகடை, சோழி எதுவும் கிடையாது. கேட்டால், "உருட்டி வுயுந்தா சோழி மேல பழி போட்டுட்டுப் பூடுவ. இங்க பழி உன்துது" என்பார்.

வாலிபத்தில் அவர் கூத்துக்கட்டிக்கொண்டிருந்தவர், கட்டியக்காரன் வேஷம். ஒரு பங்குனியில் தொண்டை கட்டிக்கொண்டு குரல் பாதியோடு நின்றுவிட்டது. அந்தப் பாதிக் குரலில் அவர் "எதுக்க ஒரு கதவு. கதவுல பாசி. பாசி மூச்சு வுடுது" என்றால், வெளியே மழையில் நிற்கிற ஆட்டுக்குட்டிகூடக் காதைத் திருப்பும்.

கோவளத்து ஆண்கள் எல்லாருமே ராஜா மகனைத்தான் எடுப்பார்கள். அவனிடம் கத்தி இருக்கிறதல்லவா. தேசப்பன் என்று ஒருவர், கட்டுமரக்காரர், புயல் காலத்தில் கடலுக்குப் போகமுடியாத கோபத்தையெல்லாம் அந்தக் கத்தியில்தான் காட்டுவார். முதல் கோயிலில் சுறாவைக் குத்துவார். இரண்டாம் கோயிலில் விலாங்கைக் குத்தப்போவார்.

"வெட்டல" என்பார் இருசப்பன்.

"ஏன் வெட்டல? அப்ப வெட்டிச்சே!"

"இவ்ளோ நேரம் உப்புத் தண்ணிக்குள்ள கீற. கத்தி துரு புடிக்காதா? பூட்ட. எந்திரி."

தேசப்பன் கொட்டகைச் சுவரை ஓங்கிக் குத்துவார். வெளியே போய் மழையில் ஒரு பீடி பற்றவைக்கத் தோற்று, திரும்பவந்து வரிசையில் உட்காருவார். நாளைக்கும் ராஜா மகன்தான் எடுப்பார். துருவை யோசிக்காமல் இருக்கமாட்டார். அதற்கு முன்பே குத்திவிடலாம் என்று யோசிப்பார்.

மூன்றாம் கோயில்தான் எங்கள் ஊரை அடையாளம் காட்டிய இடம். அங்கே ஒரு காவல்காரன். "நீ யாரு? எந்த ஊரு? இன்னாத்துக்கு வந்த?" என்று கேட்பான். எந்த ஊர் என்று கேட்டால் பதில் சொல்லாமல் போகிற மனிதர் எங்கள் கரையில் இன்னும் பிறக்கவில்லை. திருவிடந்தையிலிருந்து வந்த ஒருவர் ஊர் பேர் மட்டுமல்லாமல் மாமனார் பேர், சின்ன மச்சினன் வேலைபார்க்கும் இடம் எல்லாம் சொன்னார். எல்லாரும் செத்தார்கள். பொய் சொன்னவர்களும் செத்தார்கள், பாடியவர்களும் செத்தார்கள். நான் ஒருமுறை காவல்காரனுக்குக் கணக்குப்பாடம் நடத்திச் செத்தேன். இரண்டு மழைக்காலம் அப்படியே போயிற்று. கடைசியில் அதைக் கண்டுபிடித்தது அளத்தில் பலகை பிடித்து உப்பு வாருகிற சம்பூர்ணம்.

"தண்ணிக்குள்ள வாயத் தொறந்தா இன்னா ஆவும்?" என்று ஒருநாள் தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். அத்தனைபேரும் தலையில் அடித்துக்கொண்டோம். இருசப்பன் உப்புக்கல்லை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார். அவர் பாராட்டு அவ்வளவுதான்.

அன்றிலிருந்து சம்பூர்ணம் ஊமைப்பெண் வேஷத்தைத் தவிர வேறு எடுக்கவில்லை. அந்த வேஷத்தை யாரும் சீண்டுவதில்லை; ஆட்டம் முடிகிறவரை ஒரு சொல் பேசக்கூடாது, பேசினால் ஒரு மூச்சு போய்விடும். எல்லாம் கையால்தான். நீந்துவது, தள்ளுவது, ஒளிவது எல்லாவற்றையும் அவள் துணியின் மேல் விரலால் காட்டுவாள். அளத்தில் அவள் போடுகிற சத்தம் கேளம்பாக்கம் வரைக்கும் கேட்கும். கொட்டகையில் உட்கார்ந்தால் அவள் மூச்சுவிடுகிற சத்தம்கூடக் கேட்காது.

செத்தவர்களுக்கு இரண்டு உரிமை உண்டு. கையில் மீதியிருக்கிற மூச்சு செத்த இடத்திலேயே கிடக்கும். அடுத்தமுறை அங்கே போய்ச் சேர்ந்தால் பொறுக்கிக்கொள்ளலாம், வழியிலேயே செத்தால் அது பையோடு போயிற்று. இரண்டாவது, இருசப்பனின் காதிலிருந்து சாக்பீஸை வாங்கிச் செத்த இடத்தில் ஒரே ஒரு குறி போடலாம். சங்கு என்றால் நல்ல வழி. மீன் என்றால் ஆபத்து. பொய்க்குறி போடலாமா என்று முதல் வருஷமே கேட்டேன். "உன் மனசு" என்றார். அதற்குப்பிறகு விலாங்கு வாய்க்கு நேரே சங்கு போட்டு நான் கொன்ற ராஜா மகன்கள் ஏராளம். "டீச்சர் சங்கப் பாத்தியா? அப்ப அந்தப் பக்கம் போவாத" என்று தேசப்பன் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். அதையும் எதிர்பார்த்து நடுவில் சில உண்மைச் சங்குகள் போட்டுவைத்தேன். கடைசியாக நான் செத்தது போன கார்த்திகையில், இரண்டாம் கோயிலில். மீதிக் கொட்டையைத் துணியில் விட்டுவிட்டு எழுந்துவந்தேன்.

இவ்வளவு சாவடிக்கிற ஆட்டத்துக்கு எதற்காக நனைந்துகொண்டு வருகிறார்கள் என்று என் வீட்டில் கேட்டார்கள். நான் தேசப்பனைக் கேட்டேன். அவர் அண்ணன் ஒருவர் கடலுக்குப்போய் வரவில்லை.

"கடல்ல பூட்டா எதனாலன்னு சொல்றதுக்கு எவனும் வரமாட்டான் டீச்சரம்மா" என்றார். "காத்தா, நீரோட்டமா, மரம் பொளந்துதா, ஒண்ணியும் தெர்யாது. இந்தாளு சொல்றான் பாரு. கத்தி துரு புடிச்சிதுன்றான். கோவம் வர்து. ஆனா கரீட்டுதானே?"

மூன்று மாத உப்பை அரைமணி நேர மழை கரைத்துவிடுகிற ஊரில், தன் தப்பால்தான் தோற்றோம் என்று தெரிவது ஒரு சொகுசு. நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன்.

போன மார்கழியில் கொட்டகையில் இருந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே கவலை. சம்பூர்ணத்தின் வீட்டுக்காரர் செல்வராஜுக்கு அம்பத்தூர்ப் பக்கம் தொழிற்சாலையில் வேலை கிடைத்துவிட்டது. பொங்கல் முடிந்ததும் குடும்பம் கிளம்புகிறது. பொங்கலோடு மழைநீரை இறைத்துப் பாத்திகட்டத் தொடங்கிவிடுவார்கள், கொட்டகைக்குச் சாக்கு வந்துவிடும், துணியைச் சுருட்டிவிடுவார்கள். மூன்று மழைக்காலமாக ஒவ்வொரு கோயிலாக இறங்கி ஐந்தாவதுவரை போயிருந்த சம்பூர்ணத்துக்கு மிஞ்சியவை பத்து நாட்கள். ஆறாம் கோயிலைப் பார்க்காமலேயே ஊரைவிட்டுப் போய்விடுவாளோ?

செல்வராஜே டீக்கடைக்கு வந்துவிட்டார். நானும் அங்கே இருந்தேன்.

"அண்ணாத்த, வூட்ல பேஜாரா கீது. அடுப்பாண்ட செவுத்துல கரியால கோயில் போட்டு வெச்சிக்கீறா. சோறு வடிக்கச்சொல்லோ அத்தயே பாத்துகினு கஞ்சிய கால்ல ஊத்திகினா. ஒரே ஒரு தபா வுட்டுக்குடு. உன்க்கு இன்னா போவுது?"

இருசப்பன் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப்பார்த்தார். சரியாக இருந்தது. குடித்தார்.

"செல்வராசு, எடை போடச்சொல்லோ தட்டுல என் கட்டவெரல வெச்சா இன்னா ஆவும்?"

"மூட்டை கனம் காட்டும்."

"உப்பு ஏறுமா?"

செல்வராஜ் எழுந்தார். "அவளாண்ட நீயே போய் சொல்லு" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். நான் எனக்குத் தெரிந்த வழியில் முயன்றேன்: அரசர்களே பண்டிகை நாளில் கைதிகளை விடுவித்ததற்கு நான்கு உதாரணம் சொன்னேன். அதில் மூன்று என் சொந்தத் தயாரிப்பு. இருசப்பன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உன் கதை நல்லாக்கீது டீச்சரம்மா" என்று எழுந்துபோனார்.

போகிக்கு முதல்நாள், மதியம். துணிக்கு அதுதான் கடைசி நாள். கொட்டகையில் நிற்க இடமில்லை. சம்பூர்ணம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்கு வலப்பக்கத்தில், அவள் கொட்டைக் குவியலை ஒட்டி எனக்கு இடம் கிடைத்தது. பன்னிரண்டோடு தொடங்கினாள். சுறாவுக்கு ஒதுங்கினாள். விலாங்கை விலக்கினாள், என் சங்கு இருந்தும். காவல்காரன் ஊமையைக் கேள்வி கேட்கவில்லை. நான்காம் கோயிலில், போன வாரம் தானே செத்து விட்டுவந்த மூன்று மூச்சைப் பொறுக்கிக்கொண்டாள். ஐந்தாம் கோயிலின் படிகள் மேலே போவதுபோலத் தோன்றிக் கீழே போகும்; அவள் கண்ணை மூடிக்கொண்டு, வெறும் விரலால் தடவி இறங்கினாள். சாக்குத் துண்டின் விளிம்பில் விரல் நின்றது.

இருசப்பன் தையலைப் பல்லால் கடித்து அறுத்தார். ஒன்பது வருஷத்து நூல். சாக்கைத் தூக்கினார்.

உள்ளே ஒரு குத்துவிளக்கு வரைந்திருந்தது. திரி இருந்தது. சுடர் இல்லை.

"வெளக்கு ஏத்த மூணு மூச்சு. அங்கேர்ந்து நேரா மேல வர ரெண்டு" என்றார்.

எல்லாக் கண்களும் அவள் குவியலுக்குப் போயின. ஐந்து கொட்டை. தேசப்பன் போட்ட கூச்சலில் கொட்டகை ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. "அஞ்சு! அஞ்சு கீதுடா! கரீட்டா கீது!"

சம்பூர்ணம் கொட்டையைப் பார்த்தாள். விரலை மடக்கி எதையோ எண்ணினாள். ஒரு கொட்டையை எடுத்து இருசப்பனின் பக்கம் தள்ளினாள்.

"எதுக்குக் குடுக்கிற? இன்னும் நீ நகரல" என்று அவர் அதைத் திரும்பத் தள்ளினார். தலையைத் தூக்கவில்லை.

மறுபடி தள்ளினாள். அவர் மறுபடி திருப்பினார். நூறு மூட்டையில் ஒரு படி குறைந்தாலும் தெரிகிற மனிதருக்கு, நான்கு இருக்கவேண்டிய இடத்தில் ஐந்து இருப்பது தெரியவில்லையா என்று நான் இன்னும் யோசிக்கிறேன்.

அப்போது ஊமைப்பெண் வாயைத் திறந்தாள்.

"நைனா, என்க்கு நாலுதான். பன்னெண்டும் மூணும் பதினஞ்சு. பதினொண்ணு செலவு பண்ட்டேன். இது எங்கேர்ந்தோ வந்துக்கீது. என்து இல்ல."

மழை ஓட்டில் விழுவது மட்டும் கேட்டது. பிறகு எல்லாரும் இருசப்பனைத்தான் பார்த்தார்கள். கொட்டை கொடுப்பதும் வாங்குவதும் அவர் ஒருவர்தானே. தேசப்பன் மெதுவாகக் கேட்டார்: "இன்னா இருசப்பா, கட்டவெரல வெச்சிட்டியா?"

ஒன்பது வருஷமாக அந்த ஆளைத் திட்டியவர்கள் உண்டு, சந்தேகப்பட்டவர்கள் கிடையாது. அவர் முகத்தை அன்றைக்குத்தான் ஆட்டத்தின் நடுவில் முழுதாகப் பார்த்தேன். நிமிர்ந்துவிட்டிருந்தார். அந்த ஐந்தாவது கொட்டையை எடுத்தார். பையில் போடவில்லை, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு கையை நீட்டி இன்னொரு கொட்டையையும் எடுத்தார்.

"இது இன்னாத்துக்கு?" என்று தேசப்பன் கத்தினார்.

"ஊமை பேசிச்சி."

"டேய், அவ நாயமா பேசினதுக்கா?"

"பேசினது பேசினதுதான்."

சம்பூர்ணத்திடம் மூன்று இருந்தது. இரண்டைக் கொடுத்து மேலே வந்தால், கடல்கோட்டையிலிருந்து உயிரோடு திரும்பிய முதல் ஆள். மூன்றையும் கொடுத்தால் விளக்கு. அவள் நெடுநேரம் யோசிக்கவில்லை. மூன்றையும் ஒன்றாகத் தள்ளினாள். என் வெற்றிலைப் பெட்டியைக் கேட்காமல் இழுத்து, சுண்ணாம்பில் விரலைத் தொட்டு, அந்தத் தார்த்திரியின்மேல் வெள்ளையாக ஒரு சுடர் வைத்தாள்.

"பூட்ட" என்றார் இருசப்பன்.

மற்ற வார்த்தைக்காகக் காத்திருந்தோம். அது வரவில்லை. அவள் விளக்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவரும் எதிரே உட்கார்ந்திருந்தார். ஓட்டில் மழை விட்டிருந்தது. கடைசியில் அவளாகவே எழுந்து, அவர் காதிலிருந்து சாக்பீஸை உருவி, ஆறாம் கோயிலின் வாசலில் செத்தவர்களுக்கு உரிய குறியைப் போட்டாள். சங்கும் இல்லை, மீனும் இல்லை. ஐந்து கோடு. இனி வருகிறவர்கள் ஐந்தோடு வரட்டும் என்று.

தை பிறந்து அவர்கள் அம்பத்தூருக்கு பஸ் ஏறினார்கள். இருசப்பன் வழக்கப்படி ஈரத்துணியால் எல்லாச் சாக்பீஸ் குறிகளையும் துடைத்துத் துணியைச் சுருட்டினார். என்னுடைய சங்குகள் அத்தனையும் போயின. அந்த ஐந்து கோடுகள் மட்டும் துடைபடாமல் துணிக்குள் சுருண்டு போனதாகத் தேசப்பன் சொன்னார். ஐந்தாவது கொட்டையைப்பற்றி ஊரில் இப்போதும் பேச்சு உண்டு. இருசப்பனுக்கும் மனசு இளகும் என்கிறார்கள் பாதிப்பேர். வயசாகிவிட்டது, கை தவறுகிறது என்கிறார்கள் மீதிப்பேர். இரண்டுமே அவருக்கு அவமானம்தான். அவர் எதையும் மறுக்கவில்லை.

உயிரோடு இருக்கிறவரைப்பற்றி எழுதினால் அவரிடம் படித்துக்காட்டுவது என் வழக்கம். பங்குனி வெயிலில் அளத்துக்குப்போய், தராசின் அருகில் ஒரு மூட்டையின்மேல் உட்கார்ந்து இதை முதல் வரியிலிருந்து படித்தேன். அவர் எடைக்கல்லை ஏற்றி இறக்கிக்கொண்டே கேட்டார். படித்து முடித்ததும் முள் அசைவது நிற்கும்வரை காத்திருந்தார்.

"நாப்பத்தொண்ணு இல்ல டீச்சரம்மா. பத்தொம்போது" என்றார். "பத்தொம்போதாவது தபா, ரெண்டாங் கோயில்ல, நீ நாலு மூச்சு வுட்டுட்டுப் போயிருக்கணும். துணியில மூணுதான் இர்ந்திச்சி. கார்த்திகேலேர்ந்து பையில ஒண்ணு கொறச்சல். சம்பூர்ணத்தோட குவியல்ல ஒண்ணு ஜாஸ்தி."

சட்டைப்பையில் கையை விட்டார். ஒரு புளியங்கொட்டையை எடுத்து, என் மடியிலிருந்த தாளில், நாற்பத்தொன்று என்று எழுதியிருந்த இடத்தின்மேல் வைத்துவிட்டு, அடுத்த மூட்டையைத் தூக்கத் திரும்பினார்.